சுவரிலே ஓதம், பிள்ளைக்கு இழுப்பு! குற்றவாளி யார்?

"ஜன்னலைத் திறந்து வையுங்கள்!"

வாடகை வீட்டின் சுவரெல்லாம் பூஞ்சணம் படர்ந்துவிட்டது, பிள்ளை இரவெல்லாம் இருமுகிறது என்று முறையிடும் ஏழைத் தாய்க்கு உலகமெங்கும் கிடைக்கும் பதில் இதுதான். ஜன்னலைத் திறக்காதது அவள் குற்றம். ஈரத் துணியை வீட்டுக்குள்ளே உலர்த்தியது அவள் குற்றம். ஒரே அறையில் நான்கு பேர் படுத்து மூச்சு விட்டதும் அவள் குற்றம். சுவரைக் கட்டியவன் குற்றவாளியல்ல. அதற்கு வாடகை வாங்குபவனும் குற்றவாளியல்ல!

இது நியாயந்தானா என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை வாய்ச்சண்டையாக விடாமல், வீடு வீடாகச் சென்று சோதித்து விடை கண்ட ஒரு நாடு உண்டு. அதன் கதையை உழைக்கும் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாடு நியூசிலாந்து. வெண்ணெயும் கம்பளியும் ஏற்றுமதி செய்யும் செல்வச் சீமை. ஆனால் உலகில் ஆஸ்துமா மிகுந்த நாடுகளின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. இழுப்பு கண்டு மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் பிள்ளைகளில் மாவோரி மக்களின் பிள்ளைகளும், பசிபிக் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுமே மற்றவர்களைவிட அதிகம். நோய்க்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது என்பார்கள். வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பவன் யார், கிடைக்காதவன் யார் என்பது மட்டும் நோய்க்கு நன்றாகத் தெரிகிறது!

மேசை சுமந்த பிரதமர்

1937இல் அங்கே தொழிற்கட்சி அரசாங்கம் தொழிலாளர்க்கென்று வீடு கட்டிக் கொடுத்தது. வெலிங்டன் நகரின் மிராமர் பகுதியில் முதல் வீட்டுக்குக் குடும்பம் குடியேறிய நாளில், பிரதமர் மைக்கேல் ஜோசப் சாவேஜ் தாமே ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு வாயிற்படி ஏறினார். அரசாங்கம் ஏழையின் வீட்டுச் சாமானைச் சுமந்த காட்சி அது. அந்த நாட்டு மக்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

வீடுகள் உறுதியானவை, நல்ல மரம். ஆனால் கூரைக்குக் கீழேயும் தரைக்கு அடியிலும் குளிரைத் தடுக்கும் பஞ்சுப் படுகை வைக்க வேண்டும் என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு அது கட்டாயமானது 1978இல்தான். அதற்கு முன் எழுந்த லட்சக்கணக்கான வீடுகள் மழைக்காலத்தில் குளிர்ந்து கிடந்தன. குளிர்ந்த சுவரிலே மூச்சுக் காற்றின் ஈரம் வியர்த்தது; வியர்த்த இடத்திலே கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம் பூத்தது.

குளிர் தாங்காத குடும்பம் என்ன செய்யும்? கையில் இருக்கும் காசுக்கு, புகைபோக்கி இல்லாத வாயுக் கணப்பை வாங்கி வைத்தது. ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலான நீராவி வெளிவரும். அத்தனையும் அந்த அறைக்குள்ளேயே தங்கும். குளிருக்கு அஞ்சி நெருப்பு மூட்டினால், நெருப்பே சுவருக்குத் தண்ணீர் ஊட்டியது!

பூஞ்சணம் செய்யும் வேலை

பூஞ்சணம் வெறும் கறையல்ல, உயிருள்ள பொருள். ஈரமும் உணவும் கிடைத்தால் வளரும். மரமும் காகிதமும் சுவரில் ஒட்டிய தூசியும் அதற்கு உணவு. அது காற்றிலே விதை போன்ற நுண்துகள்களைத் தூவுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. மூச்சோடு உள்ளே போனால் மூச்சுக் குழலில் படிகின்றன. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் உடல் அதைப் பகைவன் என்று கருதிப் போர் தொடுக்கிறது. குழலின் உட்சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. புல்லாங்குழல் துளையளவு இருந்த வழி ஊசித்துளையாகிறது. அந்தச் சத்தத்தைத்தான் நாம் இழுப்பு என்கிறோம்.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு மூச்சுக் குழல் குறுகலானது. உடல் எடைக்கு அவர்கள் இழுக்கும் காற்றோ அதிகம். அதனால் அடி முதலில் விழுவது அவர்கள்மேல்தான்.

செத்த பூஞ்சணமும் சும்மா இருப்பதில்லை. அதன் தூளும் ஒவ்வாமையைக் கிளப்பும். ஆகவே மேலே சுண்ணாம்பு பூசி மறைப்பது வைத்தியமாகாது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் பூசும் பூச்சு, புண்ணை ஆற்றாமல் போர்த்தும் பட்டுச் சால்வை!

வீடு வீடாக நடந்த சோதனை

வெலிங்டன் நகரில் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியை பிலிப்பா ஹௌடன்-சாப்மனும் அவர் குழுவினரும் வழக்கை ஊருக்குள்ளேயே எடுத்துச் சென்றார்கள். வருமானம் குறைந்த ஏழு ஊர்களில் 1350 வீடுகளைத் தேர்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் நெஞ்சு நோயுள்ள ஒருவராவது இருந்தார். பாதி வீடுகளுக்கு முதலில் குளிர்த் தடுப்புப் படுகை வைத்தார்கள். மறுபாதிக்கு அடுத்த ஆண்டு வைத்துக் கொடுத்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. படுக்கையறையின் வெப்பம் அரைப் பாகைதான் கூடியிருந்தது. ஆனாலும் ஈரம் குறைந்தது, இழுப்புக் கண்டவர்கள் குறைந்தனர், பள்ளிக்கு மட்டம் போட நேர்ந்த பிள்ளைகளும் குறைந்தனர்.

அடுத்து, ஆஸ்துமா உள்ள 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் இருக்கும் 409 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதியில் பழைய கணப்புகளை நீக்கி, அறைக்குள் ஈரமும் புகையும் விடாத கணப்புகளை வைத்தார்கள். 2008இல் வந்த முடிவை உள்ளபடியே சொல்லுகிறோம்: ஊதிப் பார்க்கும் கருவியில் நுரையீரலின் வலிமை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. ஆனால் இரவு இருமல் குறைந்தது, இழுப்பு குறைந்தது, மருத்துவரிடம் ஓடுவது குறைந்தது, பள்ளிக்குப் போகாத நாட்களும் குறைந்தன. பிள்ளை தூங்கினால் தாய் தூங்குவாள். தாய் தூங்கினால் மறுநாள் வேலைக்குப் போவாள். கருவி அளக்காத கணக்கு இது!

2018இல் வந்த இன்னொரு வெலிங்டன் ஆய்வு பூஞ்சணத்தையே நேராகப் பிடித்தது. புதிதாக இழுப்புக் கண்ட சிறு பிள்ளைகளின் வீடுகளையும், இழுப்பு இல்லாத பிள்ளைகளின் வீடுகளையும் ஒப்பிட்டார்கள். பூஞ்சணம் எவ்வளவு அதிகமோ, இழுப்போடு அதன் தொடர்பும் அவ்வளவு வலுவாக இருந்தது.

பள்ளிக்கூடமும் ஒழுகியது

வீட்டைவிட்டால் பிள்ளை நெடுநேரம் இருப்பது வகுப்பறையில். அங்கேயாவது நல்ல காற்று கிடைத்ததா? 1990களில் அந்நாட்டில் கட்டட விதிகள் தளர்த்தப்பட்டன. "சந்தை பார்த்துக்கொள்ளும்" என்ற காலம் அது. மருந்திடாத மரத்தைச் சட்டங்களுக்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். மேலே பூசி மெழுகிய அழகான வெளிச்சுவர். உள்ளே புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லை. மரம் அழுகியது, பூஞ்சணம் புகுந்தது. ஒழுகும் வீடுகள் மட்டும் 42,000 இருக்கலாம் என்று 2009இல் ஒரு மதிப்பீடு சொன்னது. நூற்றுக்கணக்கான பள்ளிக் கட்டடங்களும் ஒழுகின. 2013இல் கல்வி அமைச்சகமே வெளிச்சுவர்ப் பலகை செய்த நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. மரத்துக்கு மருந்திட வேண்டும் என்ற விதியோ 2004இல் திரும்பி வந்துவிட்டது. விதியைத் தளர்த்தியபோது இலாபம் சிலருக்கு; கூரையைப் பிரித்துக் கட்டிய செலவு எல்லோருக்கும்!

சட்டம் வந்தது

ஆராய்ச்சி அலமாரியில் உறங்கவில்லை. 2009இல் அரசாங்கம் பழைய வீடுகளுக்குப் படுகை வைக்க மானியம் கொடுத்தது. செலவிட்ட ஒரு டாலருக்கு ஏறத்தாழ நான்கு டாலர் பலன், அதிலும் பெரும்பங்கு உடல்நலத்தில் என்று 2012இல் கணக்கிட்டார்கள். 2017இல் வாடகை வீட்டுச் சட்டம் வந்தது. 2019இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. கூடத்தை 18 பாகைக்குச் சூடாக்கும் கணப்பு, குளிர்த் தடுப்பு, காற்றோட்டம், நீர் வடிகால், சந்து அடைப்பு என்னும் ஐந்தும் வீட்டுக்காரர் கடமையாயின. 2025 ஜூலை முதல் நாளுக்குள் எல்லா வாடகை வீடுகளும் இதற்கு உட்பட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். "ஜன்னலைத் திற" என்ற உபதேசம் போய், "ஜன்னல் திறக்கும்படி வீட்டை வை" என்ற கட்டளை வந்தது.

இங்கிலாந்தில் இந்த அறிவு வரச் சாவு ஒன்று வேண்டியிருந்தது. ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சணத்தால் மூச்சு நோய் கண்டு 2020 டிசம்பரில் இறந்தது. தந்தை 2017இலேயே முறையிட்டிருந்தார். மேலே வண்ணம் பூசச் சொன்னார்கள். மரண விசாரணை 2022இல் உண்மையை உரைத்தது. அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27இல் நடப்புக்கு வந்தது. சமூக வாடகை வீடுகளில் பூஞ்சணப் புகார் வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து உண்டெனக் கண்டால் அதன்பின் ஐந்து வேலை நாட்களுக்குள் அதை நீக்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஓதமும் பூஞ்சணமும் பற்றி வழிகாட்டி வெளியிட்டது. ஓதம் பிடித்த கட்டடங்கள் மலிந்த இடங்களை எண்ணியபோது ஐரோப்பாவோடு இந்தியாவையும் சேர்த்தே எண்ணியது. இத்தனை துகள்வரை ஆபத்தில்லை என்று ஓர் எல்லை வகுக்க முடியாது என்றும், ஓதத்தையே ஒழிப்பதுதான் வழி என்றும் சொன்னது. ஆகவே அளவுக்கருவி இல்லையே என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது. கண்ணும் மூக்கும் போதும்! அமெரிக்க அரசின் தொழிலாளர் உடல்நல ஆய்வுக்கூடம் 2018இல் பள்ளிகளுக்கென வெளியிட்ட சோதனைத் தாளும் இதைத்தான் செய்யச் சொல்கிறது: அறை அறையாக நடந்து, கூரை, சுவர், தரை, ஜன்னல், குழாய் ஆகியவற்றில் கறையையும் ஈரத்தையும் பார்த்து, பூஞ்சண வாடையை முகர்ந்து, மதிப்பெண் போட வேண்டும்.

தோழர்களே! மழை ஓய்ந்த வாரத்தில் உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பறைக்குள் ஒருமுறை நுழையுங்கள். கூரையில் கறை உண்டா? ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பியிருக்கிறதா? அலமாரிக்குப் பின்னால் கறுத்திருக்கிறதா? விடுமுறை கழித்துத் திறக்கும்போது புழுங்கிய வாடை வருகிறதா? ஒரு தாளில் எழுதுங்கள், தேதியிடுங்கள், பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுங்கள். முதலில் ஒழுகலை அடைக்கச் சொல்லுங்கள். பூச்சு அதற்குப் பிறகு. இழுப்புள்ள பிள்ளைக்கு மருத்துவர் கொடுத்த மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். சுவர் உலர்வது மருந்துக்குத் துணையே தவிர மாற்றல்ல.

பிள்ளைக்கு மருந்து வாங்குவது தாய் தந்தையின் கடமை. அந்தப் பிள்ளை மூச்சு விடும் சுவரை உலர்வாக வைத்திருப்பது கட்டியவர் கடமை, வாடகை வாங்குபவர் கடமை, ஆட்சி நடத்துவோர் கடமை. தாய் தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருக்கிறாள். மற்றவர்களுடைய கணக்கைத்தான் நாம் கேட்கிறோம்!