கையடக்கப் பங்காளிகள் – 9: பிறர் பெயரில் ஊர்வலம்

சென்ற வாரம் கேமராவோடு நிறுத்தியிருந்தேன். 2 மெகாபிக்சல் ஐபோனும் 5 மெகாபிக்சல் நோக்கியா என்95-உம் 2007-ஆம் ஆண்டில் மோதிக்கொண்ட கதையை மறுபடியும் சொல்லப் போவதில்லை. படித்தவர்களுக்கு நினைவிருக்கும், படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்வார்கள். இந்த வாரம் பிரௌசரையும் ஈ-மெயிலையும் சேர்த்தே முடித்துவிடுவதாக வாக்களித்திருந்தேன். ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்ட இந்தச் செவ்வாய்க்கிழமை மாலையில், அந்த வாக்கில் பாதியைத்தான் என்னால் காப்பாற்ற முடியும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுவது உசிதம். குற்றம் என்னுடையதன்று, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் என் கண்ணில் பட்ட ஒற்றை வரியினுடையது.

என் தம்பியின் பிள்ளைகள் இருவரும் அன்று வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூத்தவன் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவன், கையில் சாம்சங். இளையவள் கல்லூரியில் படிப்பவள், கையில் ஐபோன். இவர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்குத்தான் இந்தத் தொடருக்கே மூலகாரணம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அன்றைய வழக்கு, எந்தப் போனில் பக்கம் சீக்கிரம் திறக்கிறது என்பது. ஒரே வைஃபையில், ஒரே செய்தித்தளத்தை, ஒரே கணத்தில் இருவரும் தட்டுவதும், இரண்டு திரைகளும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நிரம்புவதும், உடனே இருவரும் ஜயகோஷம் போடுவதுமாக நாலைந்து தடவை நடந்ததில், இலையில் ரசம் ஆறியதே தவிரத் தீர்ப்புக் கிடைத்தபாடில்லை.

"இத விடுங்க பெரியப்பா. இந்த ரெண்டு போனும் ஒரு வெப்சைட் வாசல்ல போய் நிக்கிறப்ப தன் பேர் என்னன்னு சொல்லுதுன்னு காட்டறேன்" என்றான் மூத்தவன்.

"போன் பேர் வேற சொல்லுமாடா?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லும். நமக்குத்தான் காட்டாது."

காட்டினான். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் இப்போதும் என் எதிரில் இருக்கிறது. சாம்சங்கில் ஓடிய குரோம் பிரௌசர் சொன்ன பெயரைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: மொசில்லா 5.0, லினக்ஸ், ஆண்ட்ராய்ட் 10, கே, ஆப்பிள்வெப்கிட் 537.36, கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி, குரோம், மொபைல் சஃபாரி 537.36. ஐபோன் சொன்னதும் மொசில்லாவில் தொடங்கி, தான் மேக் ஓஎஸ் எக்ஸ் மாதிரி என்று ஒரு முறையும் கெக்கோ மாதிரி என்று ஒரு முறையும் சொல்லிக்கொண்டு, சஃபாரியில் முடிந்தது.

மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு இது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். எனக்கோ அன்று மத்தியானத் தூக்கம் போயிற்று. ஆப்பிளின் பரம வைரி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கூகுளின் பிரௌசர், ஆப்பிளுக்குப் போட்டியாகவே விற்கப்படும் ஒரு போனில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தில் எந்தத் தளத்தின் வாசலுக்குப் போனாலும் ஆப்பிளின் பெயரையும் ஆப்பிளுடைய பிரௌசரின் பெயரையும் சொல்லித்தான் கதவைத் தட்டுகிறது! போதாக்குறைக்கு அந்தப் போனில் இருப்பது ஆண்ட்ராய்ட் 15; 10 என்பது பொய். ‘கே’ என்று எந்த மாடலும் கிடையாது. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களைக் குறைக்க வேண்டுமென்று கூகுளே இப்போது எல்லா ஆண்ட்ராய்ட் போன்களையும் இப்படி ஒரே வார்ப்பில் பேச வைத்திருக்கிறது என்பது பையனின் விளக்கம்.

நம் சோழ மன்னர்களின் கல்வெட்டுக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோரணை புதிதாக இராது. முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட’ என்று பட்டம் சூட்டிக்கொண்டான். முதலாம் இராஜேந்திரன் கங்கையையும் கடாரத்தையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான். மாற்றான் நாட்டின் பெயரை வென்றவன் அணிந்துகொள்வது அந்தக் காலத்து வழக்கம். பிரௌசர்களின் மெய்க்கீர்த்தியில் உள்ள விசேஷம் என்னவென்றால், இங்கே பட்டங்களெல்லாம் ஜயித்ததனால் வந்தவை அல்ல. தன் சொந்தப் பெயரைச் சொன்னால் வாசற்காவலன் உள்ளே விடமாட்டானோ என்ற அச்சத்தினால், முன்னே போனவன் பெயரை இரவல் வாங்கி வாங்கிச் சேர்ந்தவை.

இரவல் தொடங்கியது 1990-களில். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன் முதலான இளைஞர்கள் 1993-ல் வெளியிட்ட மொசைக் என்னும் பிரௌசர்தான் சாமானிய ஜனங்களுக்கு இணையத்தின் கதவைத் திறந்தது. அதே ஆண்ட்ரீசன் அடுத்த ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பழைய மொசைக்கைத் தின்று தீர்க்கும் காட்ஸில்லா என்ற பொருள் தொனிக்கப் புதிய பிரௌசருக்கு உள்வீட்டில் வைத்த செல்லப்பெயர் மொசில்லா. ஒரு பக்கத்தைப் பல சட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வித்தை மொசில்லாவுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே தளம் நடத்தியவர்கள், வருகிறவன் மொசில்லா என்று சொன்னால் அலங்காரமான பக்கத்தையும், வேறு பெயர் சொன்னால் மொட்டைப் பக்கத்தையும் அனுப்பினார்கள். 1995-ல் களத்தில் இறங்கிய மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்ப்ளோரர் பிரௌசரையும் மொசில்லா என்றே சொல்லிக்கொள்ளப் பழக்கிவிட்டது. அந்த எக்ஸ்ப்ளோரரும் உரிமம் பெற்ற மொசைக் நிரலின்மேல் எழுப்பப்பட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மொசைக்கின் பிள்ளைகள் இருவர், மொசைக்கைக் கொல்வதாகப் பெயர் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். பங்காளிகள் என்று இந்தத் தொடருக்குப் பெயர் வைத்தபோது, அது இவ்வளவு அக்ஷரசுத்தமாகப் பொருந்தும் என்று நான் எண்ணவில்லை.

கெக்கோ அடுத்த தலைமுறை. நெட்ஸ்கேப்பின் பிற்காலத்தில் புதிதாக எழுதப்பட்ட இயந்திரத்துக்கு அந்தப் பெயர், பொருள், பல்லி. நம் வீட்டுச் சுவரில் உச்சுக்கொட்டி, எடுத்த காரியம் பலிக்குமா பலிக்காதா என்று சொல்லுமே, அதே பல்லிதான். அதன் காலத்தில், வாசற்காவலர்கள் பல்லிக்கு மட்டுமே நல்ல பக்கங்களைக் கொடுத்தார்கள் போலும். பின்னால் வந்த கேஎச்டிஎம்எல், நான் பல்லி இல்லை, ஆனால் பல்லி மாதிரி என்று சொல்லிக்கொண்டது. இன்றைக்கு இந்த இரண்டு போன்களும் தாங்கள் பல்லி மாதிரி என்று நிமிஷத்துக்கு நூறு தடவை சத்தியம் செய்துகொண்டிருக்கின்றன.

அந்த கேஎச்டிஎம்எல்லின் வரலாறு இன்னும் உருக்கமானது. கேடிஇ என்ற பெயரில் ஒன்றுகூடிய தன்னார்வத் தொண்டர்கள், லினக்ஸ் கணினிகளுக்காகத் தாங்களே எழுதிய கான்கரர் என்ற பிரௌசரின் உள்ளியந்திரம் அது. லார்ஸ் நோல் என்பவர் அதில் முக்கியமான கை. 2001-ல் ஆப்பிள் தனக்கென்று ஒரு பிரௌசர் செய்ய ரகசியமாக ஆட்களை அமர்த்தியபோது, எதன்மேல் கட்டுவது என்று பார்த்து, பல்லியை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டது. காரணம் எளியது: 1,40,000 வரிகளுக்கும் குறைவாக, ஒரு மனிதன் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவில் அது இருந்தது. 2003 ஜனவரி 7-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி சஃபாரியை அறிவித்தபோதுதான், தங்கள் வீட்டு அஸ்திவாரத்தின்மேல் மாளிகை எழும்பியிருப்பது கேடிஇ தொண்டர்களுக்கே தெரிந்தது. எடுத்தால் திருப்பிக் கொடு என்பது உரிமத்தின் நிபந்தனை. ஆப்பிளும் கொடுத்தது, ஆனால் பிரிக்க முடியாத ஒரே பெரிய மூட்டையாகக் கொடுத்தது. தொண்டர்கள் முணுமுணுத்தார்கள். 2005 ஜூனில் வெப்கிட் என்ற பெயரில் வேலை முழுவதும் திறந்துவிடப்பட்டது. திறந்த அதே மாதத்தில் அதை எடுத்துக்கொள்வதாக அறிவித்த கம்பெனி எது தெரியுமா? நோக்கியா.

ஆகையினால்தான் இப்படி ஒரு விசித்திரம் நடந்தது. நோக்கியா என்95 கடைக்கு வந்தது 2007 மார்ச்சில். ஐபோன் விற்பனைக்கு வந்தது ஜூன் 29-ல். ஐபோன் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே, அதைத் தோற்கடிக்கும் என்று பின்னால் எல்லோரும் எதிர்பார்த்த என்95, ‘ஆப்பிள்வெப்கிட் 413, கெக்கோ மாதிரி, சஃபாரி’ என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஐரோப்பா எங்கும் உலாவிக்கொண்டிருந்தது!

இயந்திரம் ஒன்றே என்றால், அந்த ஆண்டின் பிரௌசர் போட்டியில் ஐபோன் எப்படி வென்றது? வேகத்தினால் என்று சொல்ல வழியில்லை. நோக்கியாவிடம் 3ஜி இருந்தது, முதல் ஐபோனிடம் எட்ஜ் என்னும் பழைய மாட்டுவண்டிப் பாதைதான் இருந்தது. வித்தியாசம் முழுவதும் கையில் இருந்தது. 2.6 அங்குல என்95 திரையில், பக்கத்தின்மேல் ஒரு சிறிய அம்புக்குறி நிற்கும்; கீழே உள்ள பொத்தானை அழுத்தி அழுத்தி அதை எறும்பு நகர்வதுபோல நகர்த்த வேண்டும்; எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோகாதிருக்கப் பக்கம் முழுவதன் குட்டிப் படமொன்று மூலையில் தோன்றும். அது உண்மையிலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடு, அதை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் 3.5 அங்குல ஐபோனில், நியூயார்க் டைம்ஸ் பக்கத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால், தட்டிய பத்தி எதுவோ அது மட்டும் திரையின் அகலத்துக்கு வந்து நிற்கும். பக்கத்தின் எலும்புக்கூட்டைப் படித்து, இங்கே பத்தி தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று கணக்கிட்டு அது அப்படி நிற்கிறது. எலும்புக்கூட்டைப் படிக்கும் சாமர்த்தியம் இரண்டு போனுக்கும் ஒரே தாத்தாவிடமிருந்து வந்தது. விரலுக்கு மரியாதை கொடுத்தவன் ஒருவன்தான்.

நோக்கியா என்றவுடன் ஸ்ரீபெரும்புதூர் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட அவ்வூர் நோக்கியா ஆலையை, ஐபோனுக்குச் சார்ஜர் செய்து கொடுக்கும் சால்காம்ப் என்ற கம்பெனி எடுத்துக்கொள்வதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. கட்டடங்களிலும் பங்காளித்தனம் உண்டு. இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும். ஆசிரியர் சம்மதிக்க வேண்டும்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் வந்த ஆண்ட்ராய்டின் பிரௌசரும் வெப்கிட். சொந்தப் பிரௌசரை வெகுநாள் கட்டியழுத பிளாக்பெர்ரியும் 2010-ல் டார்ச் என்ற போனில் வெப்கிட்டுக்கே வந்து சேர்ந்தது. ஆக 2010-ல் கடையின் கண்ணாடிப் பேழைக்குள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நாலு போன்களுக்கும் உள்ளே ஓடியது ஒரே ரத்தம். 2013 ஏப்ரலில் கூகுள் பாகப்பிரிவினை கேட்டு, பிளிங்க் என்று தனிக்குடித்தனம் போனது. ஆனால் வாசலில் சொல்லும் பெயரிலிருந்து ஆப்பிள்வெப்கிட்டை எடுக்கத் துணிவு வரவில்லை, 537.36 என்ற எண்கூட அன்றைக்கு உறைந்தது உறைந்ததுதான். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது இளையவள் தன் ஐபோனை உயர்த்திக் காட்டி, "என் போன்லயும் குரோம் இருக்கே பெரியப்பா" என்றாள். இருக்கிறது, பெயர்ப்பலகைதான் கூகுளுடையது, அடுக்களையில் சமையல் ஆப்பிளுடையது. ஐபோனுக்குள் எந்தப் பிரௌசர் வந்தாலும் வெப்கிட்டைத்தான் உபயோகிக்க வேண்டும் என்பது ஆப்பிளின் சட்டம். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அங்கே அதைத் தளர்த்த வைத்தது. அண்ணன் தங்கை வழக்குக்கு அந்த இடத்தில் ஒரு சிறு அமைதி உண்டாயிற்று.

கேஎச்டிஎம்எல் இப்போது இல்லை. கேடிஇ தொண்டர்களே தங்கள் புதிய பதிப்பிலிருந்து அதை விலக்கிவிட்டார்கள். அவர்களுடைய கான்கரர் பிரௌசரில் இன்றைக்கு ஓடுவது கூகுளின் குரோமுக்குள் ஓடும் அதே பிளிங்க். தாத்தாவின் வீட்டில் பேரனின் சமையல் நடக்கிறது. தாத்தாவின் பெயரோ, அவரைக் கேள்விப்பட்டேயிராத ஜனங்களின் சட்டைப்பைகளிலிருந்து, இந்த வரியை நீங்கள் படிக்கும் நேரத்திலும் ஓயாமல் உச்சரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆப் விஷயத்தில் இந்த வாரத்துக்கு ஒட்டியது ஒன்றே ஒன்று: முதல் ஓராண்டு ஐபோனில் வெளியாருக்கு ஆப் செய்ய அனுமதியே இல்லை. சஃபாரிக்குள் ஓடும்படி எழுதிக்கொள்ளுங்கள் என்று 2007 ஜூனில் ஜாப்ஸ் சொன்னதைக் கேட்டு நிரலெழுதுவோர் முகம் சுளித்தார்கள். 2008 ஜூலை 10-ஆம் தேதி 500 ஆப்களோடு கடை திறந்த பிறகுதான் அந்தச் சுளிப்பு மாறியது. மீதி, அதற்குரிய வாரத்தில்.

ஈ-மெயிலுக்கு இடம் இல்லை. பிளாக்பெர்ரியின் விசைப்பலகைக்கும் பழத்தின் மணிகளுக்கும் உள்ள உறவிலிருந்து அடுத்த வாரம் தொடங்கலாம் என்றிருந்தேன். ஆனால் இந்தக் கட்டுரையின் முற்பகுதியை, மேலே எழுதுவதற்குள்ளாகவே, அவசரத்துக்கு இளையவளின் போனிலிருந்து ஆசிரியருக்கு அனுப்ப நேர்ந்தது. அனுப்பிய பிறகு பார்த்தால், கடிதத்தின் அடியில் நானும் எழுதாமல் அவளும் எழுதாமல் ஒரு வரி தானாக முளைத்திருந்தது: ‘என் ஐபோனிலிருந்து அனுப்பப்பட்டது’. தளத்தின் வாசலில் மொசில்லா என்றும் பல்லி மாதிரி என்றும் முகம் மறைத்துப் போகும் அதே போன், கடிதம் என்று வந்தவுடன் தன் சொந்தப் பெயரைக் கையெழுத்துக்குக் கீழே கூசாமல் பொறித்துக்கொள்கிறது. அடுத்த வாரம் அங்கிருந்துதான்.

(தொடரும்)