நடுக்கடலில் சுடச்சுட ரொட்டி

கப்பல் பிரயாணம் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்பதுதான். அலை, புயல், திமிங்கலம் ஆகியவை எல்லாம் அதற்குப் பிறகே. காசிக்குப் புறப்பட்டாலும் கொழும்புக்குப் புறப்பட்டாலும் புளியோதரை மூட்டை முதலில் தயாராகிவிடும் தேசம் இது. 1888-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய காந்தியடிகளும் இதற்கு விலக்கல்லர். பத்தொன்பது பிராயம் நிறையாத அந்த இளைஞர் போஜன சாலைக்குச் செல்லக் கூச்சப்பட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன பட்சணங்களையும் பழங்களையுமே பெரும்பாலும் தம் அறையில் உண்டு காலந் தள்ளியதாகச் சுய சரிதையில் எழுதியிருக்கிறார். லண்டன் போய்ச் சேர்ந்த பின்பும், இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகளுக்கு மேல் கேட்பதற்கு வெட்கப்பட்டு அரை வயிற்றோடு எழுந்திருந்தாராம்.

இன்று கப்பலில் ஏறுவோருக்கு இத்தகைய சங்கடம் இல்லை. சாப்பிடுவதற்கென்றே கப்பலேறுகிறவர்கள் உண்டு. 2022-ஆம் வருஷம் ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அதை வழியனுப்பினார். 1990-இல் பிரான்ஸ் தேசத்தில் கட்டப்பெற்று 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரோடு மேல்நாட்டுக் கடல்களில் உலாவிய கப்பல் அது. மறு வருஷமே அது இலங்கைக்கும் போய், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைக் கண்டது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டிய காலத்தில், தமிழன் கப்பலேறுவது ஒரு விரதத்தைப் போலிருந்தது. இப்போது அது விடுமுறைக் கொண்டாட்டமாகிவிட்டது. காலம் செய்கிற வேடிக்கை இது. இதில் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

இப்படிப்பட்ட கப்பல்களில் போய் வந்தவர்கள் எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறப்பதில்லை. அது விடியற்காலையில் அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியின் மணம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கையிலோ பிட்டால் ஆவி பறக்கும் ரொட்டி. இது எப்படி நடக்கிறது?

கிட்டத்தட்ட 200 கிலோமீட்டருக்குள் கடற்கரையே இல்லாத உத்தனப்பள்ளியில் உட்கார்ந்துகொண்டு இதை நாம் ஏன் விசாரிக்கவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்மிடம் எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பையன், கேழ்வரகும் தக்காளியும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன், பெங்களூரில் ஹோட்டல் தொழில் படித்துவிட்டு, இன்று ஓர் அயல்நாட்டு உல்லாசக் கப்பலின் ரொட்டிக் கிடங்கில் வேலை செய்கிறான். ஒன்பது மாதம் கடலில், இரண்டு மாதம் ஊரில் என்பது அவன் கணக்கு. சென்ற விடுமுறையில் அவன் நம்மைப் பார்க்க வந்தபோது, வகுப்பில் நாம் அவனைக் கேள்வி கேட்டதற்கெல்லாம் வட்டியோடு பதில் கிடைத்தது.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுவோம். பாய்க்கப்பல் நாட்களில் மாலுமிகளுக்கு 'ரொட்டி' என்று கிடைத்தது மாவும் நீரும் சிறிது உப்பும் சேர்த்துக் கல்லாகச் சுட்ட பிஸ்கோத்துதான். அந்தச் சொல்லுக்கே லத்தீன் பாஷையில் 'இருமுறை சுட்டது' என்று அர்த்தம். ஈரம் முழுதும் வற்றிவிடுவதால் மாதக் கணக்கில் பூசணம் பிடிக்காது. ஆனால் வண்டு பிடிக்கும். மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே இருக்கும் ஜீவராசிகளுக்கு விடை கொடுத்துவிட்டு, பிறகே மாலுமி அதைக் கடிப்பான். ஆங்கிலக் கடற்படையில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் இந்தப் பிஸ்கோத்து அளந்து கொடுக்கப்பட்டது. பல்லுக்கு உறுதி உள்ளவனே கடலுக்குத் தகுதி உள்ளவன்.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் இந்த நிலை மாறியது. கனல் நிரந்தரமாகக் கிடைத்தது. கப்பலிலேயே ரொட்டி சுடலாயினர். இப்போது மின்சார அடுப்பு. "கரையிலேயே ஆயிரம் ரொட்டி வாங்கி ஏற்றிக்கொண்டால் தொல்லை விட்டதே, எதற்காகக் கப்பலில் ஒரு கிடங்கு?" என்று அவனைக் கேட்டோம்.

"ரொட்டி என்பது பாதி காற்று, ஸார். காற்றுக்கு யார் கப்பலில் இடம் கொடுப்பார்கள்? மாவு மூட்டையை அடுக்கினால் அடுக்கின இடத்தில் கிடக்கும்" என்றான்.

இன்னொரு காரணத்தையும் சொன்னான். அது நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் பயன்படக்கூடியது. ரொட்டி பழையதாவது வெறும் உலர்தலால் அன்று. அடுப்பில் நீரை உறிஞ்சிக் குழைந்த மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்லத் தன் பழைய கட்டுக்குத் திரும்பி இறுகுகிறது. இந்த இறுக்கம் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான், அதாவது குளிர்ப்பெட்டியின் சாதாரணத் தட்டில்தான், மிக விரைவாக நடக்கிறது. ஆகவே ரொட்டியைக் கெடாமல் காப்பதாக நினைத்து நாம் குளிர்ப்பெட்டியில் வைப்பது, அதைச் சீக்கிரம் கிழவனாக்குவதற்கே உதவுகிறது. வெளியே மூடி வைத்தால் இரண்டு நாள் மெதுவாயிருக்கும். நெடுநாள் வேண்டுமானால் முழுதும் உறைய வைத்துவிட வேண்டும். கப்பலில் ஆயிரக் கணக்கானவர்களுக்குக் காலையில் புது ரொட்டி வேண்டுமென்றால் இரவில் சுடுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

ஊரெல்லாம் உறங்கும் வேளையில்தான் அவன் வேலை தொடங்குகிறது. தண்ணீரும் கடலிலிருந்தே வருகிறது. கடல் நீரைக் காய்ச்சி வடித்தோ, நுண்ணிய சல்லடைகளின் வழியே அழுத்திப் பிழிந்தோ கப்பலில் நன்னீர் ஆக்குகிறார்கள். அந்த நீரில் கனிமப் பொருள்கள் மிகக் குறைவு. அத்தகைய மென்னீரில் பிசைந்த மாவு தளர்ந்து கையில் ஒட்டும். அதற்குத் தக்கபடி உப்பையும் நீரையும் சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே கடற்காற்றின் புழுக்கம். உள்ளே அடுப்பின் வெக்கை. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கு இது பரமசுகம். மாவு நினைத்ததற்கு முன்பே பொங்கிவிடும். அதைக் குளிரில் வைத்து அடக்கி, வேண்டும்போது எழுப்புவதே பாதி வித்தை. கப்பல் ஆடுகிற இரவில் தட்டுகள் சரியாமல் அடுப்புக் கதவுகளையும் தட்டு வண்டிகளையும் கொக்கியிட்டுப் பூட்டுகிறார்கள். "உளுந்து மாவு பொங்குகிறதா என்று அம்மா எழுந்து எழுந்து பார்ப்பாள் அல்லவா, ஸார்? அதே வேலைதான். அம்மாவுக்கு ஒரு குண்டான், எனக்கு இருபது" என்றான். பதினைந்து வருஷம் பாடம் நடத்தியும் இவ்வளவு தெளிவான உவமை நம் வாயில் வந்ததில்லை.

கப்பல் ரொட்டிக்காரர்களில் உலகம் அறிந்தவர் ஒருவர் உண்டு. 1912 ஏப்ரலில் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலின் தலைமை ரொட்டிக்காரர் சார்லஸ் ஜாகின். கப்பல் பனிமலையில் மோதிய செய்தி வந்ததும், தம் கீழிருந்த பதின்மூன்று பேரிடமும் ஆளுக்கு நான்கு ரொட்டிகளைக் கொடுத்து, உயிர்ப் படகுகளுக்கு அனுப்பியதாக அவர் விசாரணையில் சாட்சி சொன்னார். உறைகிற நீரில் நெடுநேரம் கிடந்தும் அவர் பிழைத்தார். கப்பல் மூழ்கும் தறுவாயில், பிழைப்பவர்கள் நாளைக்கு எதைத் தின்பார்கள் என்று யோசித்த அந்த மனிதர் நமக்குப் பெரிய வீரராகவே தோன்றுகிறார்.

ஆனால் நம் மாணவனின் பேச்சில் ரொட்டி மணத்தைவிட மனத்தில் ஆழமாகத் தங்கியது வேறொரு விஷயம். அவன் முதல் முறை கப்பலில் சேருவதற்காக ஒரு தரகரிடம் பெருந்தொகை கொடுத்தான். அதற்காக அவன் தகப்பனார் அரை ஏக்கர் நிலத்தை ஈடு வைத்தார். அந்தத் தரகர் காட்டிய வேலை உத்தரவு பொய். பணம் திரும்பவில்லை, நிலத்தை மீட்க நான்கு வருஷம் பிடித்தது. இப்போதுள்ள வேலை அவன் தானே முயன்று வேறு வழியில் பெற்றது.

இதில் வருந்தத்தக்கது என்னவென்றால், அவன் ஒரு காசும் கொடுத்திருக்க வேண்டியதே இல்லை. 2006-இல் ஜெனீவாவில் ஏற்பட்ட கடல் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் அமலுக்கு வந்தது. 2015-இல் இந்தியாவும் அதை ஏற்றது. வேலை பிடித்துக் கொடுப்பதற்காகக் கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் விதி. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், வைத்தியச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனைச் சேர்ந்தது. எந்த இருபத்து நான்கு மணி நேரத்திலும் குறைந்தது பத்து மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு தரவேண்டும் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. ஆள் சேர்க்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்ககம் வெளியிடுகிறது. கப்பல் வேலை என்று யாராவது பணம் கேட்டால், அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பெயர் இருந்தாலும் பணம் கேட்பது முறையல்ல. ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியும் கடல் கடந்த சம்பளத்தின் கவர்ச்சி நம் பிள்ளைகளை விடவில்லை. ஆகவே இதை ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பாடத் திட்டத்தில் இல்லை என்று இதுவரை ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

மிஞ்சிய ரொட்டி என்னவாகிறது என்றும் கேட்டோம். நேற்றைய ரொட்டி இன்று புட்டிங்காகவும் ரஸ்க்காகவும் வேஷம் மாறுகிறதாம். பிரயாணிகள் தட்டில் விட்டுவிட்டது மட்டும் அரைபட்டுக் கரையிலிருந்து வெகு தூரத்தில் மீன்களுக்குப் போய்ச் சேருகிறது. கேழ்வரகுக் களியை ஒரு பருக்கை விடாமல் வழித்துண்ணும் வீட்டில் பிறந்தவனுக்கு அந்தக் காட்சி இன்னும் பழகவில்லை.

ரொட்டி நம் பக்கத்துக்குப் புதிதன்று. பெங்களூர்ச் சிக்கப்பேட்டையில் 1898-இல் 'பெங்களூர் பிரதர்ஸ்' ரொட்டிக் கடையை ஐயங்கார்கள் தொடங்கினர். முட்டை சேராத அந்த மரபில் வந்த காரப் பன்னும் தேங்காய்ப் பன்னும் ஓசூர் தாண்டி நம் பஸ் நிலையத் தேநீர்க் கடை வரையில் வந்துவிட்டன. ஆனால் நம் மண்ணின் தானியமாகிய கேழ்வரகில் ரொட்டி பொங்குவதில்லை. கோதுமையில் உள்ள 'குளூட்டன்' என்னும் பசைச்சத்து ரப்பர்போல் இழுபட்டுக் காற்றைப் பிடித்து வைக்கிறது. கேழ்வரகில் அது கிடையாது.

விடுமுறை முடியுமுன் நம் மாணவன் அதையும் சோதித்துப் பார்த்தான். மூன்று பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு கேழ்வரகு சேர்த்து, தெரிந்தவர் கடை அடுப்பில் நான்கு ரொட்டி சுட்டு, ஒன்றை நமக்குக் கொண்டுவந்தான். நிறம் சிவந்த மண், மேலோடு மொறுமொறுப்பு, உள்ளே சற்று இறுக்கம், வாசனை மட்டும் அசல் உத்தனப்பள்ளி. அவன் தாயாரும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"நன்றாகத்தான் இருக்கிறதப்பா. ஆனால் இதற்குக் கீரைக் குழம்பு ஒட்டாதே!" என்றாராம்.