எட்டாத இடத்தில் இருக்கும் பிடி

சிறிய விமானங்கள் விழுந்தால் இயந்திரம் பழுது என்றே பலரும் நினைக்கின்றனர். ஆனால் எரிபொருள் வந்து சேராவிட்டால் நல்ல இயந்திரமும் நின்றுவிடும். வியாபாரமும் அப்படித்தான் என்பதால் ஒரு சம்பவத்தை இங்கு எழுதுகிறேன்.

1997 ஒக்டோபர் 12ஆம் திகதி அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர் ஓட்டிச் சென்ற லோங் ஈசி ரக விமானம் கலிபோர்னியாவின் மொன்டரே விரிகுடாவில் வீழ்ந்து, அவர் உயிரிழந்தார். வேறொருவர் கட்டிய அவ்விமானத்தை அவர் பாவித்த நிலையில் வாங்கியிருந்தார். எரிபொருள் தாங்கியை மாற்றும் பிடி, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கிடையில் இருக்க வேண்டியது. கட்டியவரோ அதை இடது தோளுக்குப் பின்னால் பொருத்தியிருந்தார். எரிபொருள் அளவுகாட்டியும் ஆசனத்திற்குப் பின்னால்தான். புறப்படுமுன் எரிபொருள் நிரப்பப்படவும் இல்லை. பறக்கையில் பிடியைத் திருப்ப முயன்றபோது தவறுதலாக வலது மிதி அழுத்தப்பட்டு, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதே விசாரணையின் முடிவு.

நமது கடைகளிலும் களஞ்சியம் நிறையச் சரக்கு, கொப்பி நிறைய வரவேண்டிய கடன். ஆனால் கொடுத்த காசோலை வங்கிக்குப் போகும் நாளில் கையில் காசில்லை. இலாபம் இருந்தும் கடைகள் மூடப்படுவது இப்படித்தான்.

ஆகவே வியாபார சகோதரர்களே, கைக்காசின் அளவைத் தினமும் கண்முன் வையுங்கள். நடக்கும் கடையொன்றை வாங்குவோர் இலாபக் கணக்குடன் காசு வரும் வழியையும் பாருங்கள். கடனைக் கேட்டு வாங்க வேண்டியது தரையில் நிற்கும்போதே, அந்தரத்தில் அல்ல.