நாற்பது டன் வெண்கலத் தலை

ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில், கருங்கல் பீடத்தின் மேல் ஒரு தலை மட்டும் நிற்கிறது. கையில்லை, காலில்லை. அகன்ற நெற்றியும் அடர்ந்த தாடியுமாகக் கார்ல் மார்க்ஸின் முகம். தலையின் உயரம் 7 மீட்டருக்குச் சற்று அதிகம். பீடத்தோடு சேர்த்தால் சுமார் 13 மீட்டர். எடை ஏறத்தாழ 40 டன். மார்க்ஸுக்குத் தலையே போதும் என்று கருதினார் இதை உருவாக்கிய சோவியத் சிற்பி லெவ் கெர்பெல்.

இவ்வளவு பெரிய உருவத்தை எப்படி வார்த்தார்கள்?

ஒரு கன மீட்டர் வெண்கலத்தின் எடை சுமார் 8.8 டன். அப்படியானால் 40 டன் என்பது ஐந்து கன மீட்டருக்கும் குறைவான உலோகம்தான். ஏறத்தாழ நான்கு ஆள் உயரமுள்ள ஒரு தலையை நிரப்ப அது போதவே போதாது. ஆக, உள்ளே வெற்றிடம்தான். பெரிய வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் கூடுகள்தான். சிக்கனம் மட்டும் இதற்குக் காரணமில்லை. தடித்த உலோகம் வெளிப்புறம் முதலிலும் உட்புறம் பின்னரும் ஆறும், ஆறும்போது சுருங்கும், அதனால் விரிசல் விழும். சுவர் மெல்லியதாகவும் சீராகவும் இருந்தால்தான் வார்ப்பு தேறும்.

கூடாக இருந்தாலும் ஒரே வார்ப்பில் இவ்வளவு பெரிதாக எடுக்க முடியாது. சோவியத் நகரமான லெனின்கிராடில் இந்தத் தலையை 95 துண்டுகளாக வார்த்தார்கள். அவற்றை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து, பற்றவைத்து ஒன்றாக்கினார்கள்.

ஏன் வெண்கலம்? செம்பைத் தனியாக வார்ப்பது சிரமம். அது 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். குழம்பில் வாயு சேர்ந்து வார்ப்பில் துளைகள் விழும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வெண்கலமாக்கினால் உருகுநிலை இறங்குகிறது, குழம்பு எளிதாக ஓடுகிறது, ஆறியபின் செம்பைவிட உறுதியாகிறது. தாடியின் சுருள்கள் வரை அச்சுக்குள் உலோகம் போய்ச் சேர்வது இதனால்தான்.

மழையையும் பனியையும் சிலை எப்படித் தாங்குகிறது? காற்றும் ஈரமும் பட்டதும் வெண்கலத்தின் மேல் ஒரு படலம் உருவாகிறது. முதலில் பழுப்பு, பல ஆண்டுகளில் பச்சைக் களிம்பு. இரும்புத் துருவைப்போல இது உதிர்ந்து விடுவதில்லை. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு உட்பகுதியைக் காக்கிறது.

1971 அக்டோபர் 9 அன்று இந்தச் சிலை திறக்கப்பட்டபோது நகரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம். கிழக்கு ஜெர்மனியின் ஆட்சி வீழ்ந்தபின், 1990இல் மக்கள் வாக்களித்துப் பழைய பெயரான கெம்னிட்ஸை மீட்டுக்கொண்டார்கள். சிலையை அகற்றவில்லை. இன்று அந்நகரின் அடையாளமே இந்தத் தலைதான்.