மூன்றாம் வகுப்பில் வைக்க வேண்டிய இலக்கு

2017 மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானபோது, ராமநாதபுரம் மாவட்டம் 96.77 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் இரண்டாம் இடம் பிடித்தது. முதலிடம் விருதுநகருக்கு. எட்டே மாதத்தில், 2018 ஜனவரியில், நாட்டின் பின்தங்கிய பகுதிகளுக்காக ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து அதில் சேர்க்கப்பட்டவை இதே இரண்டு மாவட்டங்கள்தான். இரண்டு கணக்கும் பொய்யல்ல. தேர்ச்சி விகிதம் தேர்வுக்கூடம் வரை வந்து சேர்ந்த பிள்ளைகளை மட்டுமே எண்ணுகிறது. வழியில் நின்றுபோனவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அரசுப் பள்ளிகளை உயர்த்த விரும்பினால், இலக்கைக் கடைசி வகுப்பில் அல்ல, தொடக்கத்தில் வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் தமிழில் ஒரு பத்தியைத் தானே படித்துப் பொருள் சொல்ல வேண்டும், கூட்டல் கழித்தல் தெரிந்திருக்க வேண்டும். மற்ற இலக்குகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டம் மாவட்டங்களை 49 குறியீடுகளால் அளந்தது. மதிப்பெண்ணில் 30 சதவீதம் கல்விக்கு. மாணவியருக்குக் கழிப்பறை, குடிநீர், மின்சாரம், பள்ளி திறந்து ஒரு மாதத்துக்குள் பாடநூல், ஆசிரியர் - மாணவர் விகிதம் ஆகியவை அதில் இருந்தன. கற்றல் அடைவும் இருந்தது. எல்லாமே தேவையானவை. ஆனால் கண்ணால் எண்ணக்கூடியது எளிதில் நிறைவேறும், எண்ணக் கடினமானது பின்தங்கும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். 40 பிள்ளைகள் படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியருக்கு 20 பேர் என்று பதிவேடு காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்கோ விவரம் பதிவேற்றவோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். விகிதம் அன்றைக்கும் சரியாகத்தான் இருக்கும்.

இதன் விளைவு எங்கே தெரிகிறது? ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வின்படி, 2022ல் தமிழகத்தின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் மட்டுமே. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தது பெரிய காரணம்; ஆனால் 2018லேயே அது பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது நியாயமான கொள்கைதான். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அடுத்தடுத்த வகுப்புக்குச் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கும் பொறுப்பு கூடுகிறது. 2022ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் நடத்துவது, இரண்டு ஆசிரியர் பள்ளிக்குப் பொருந்தும் நல்ல வழி.

வறுமையைப் பள்ளியால் தீர்க்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ராமநாதபுரம் கடற்கரையில் மாரியூர், வாலிநோக்கம் பக்கம் தமிழக அரசின் உப்பு நிறுவனத்து உப்பளம் பரந்து கிடக்கிறது. வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்க வேண்டிய தாய்க்குப் பிள்ளையைக் கிளப்பி அனுப்ப நேரம் இல்லை. மழைக்காலத்தில் வேலையே இல்லை. விசைப்படகுக்குப் போகிற வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கையில் காசில்லாத அந்த நாட்களை ஒட்டியே பள்ளி திறக்கிறது. இதையெல்லாம் ஆசிரியர் மாற்ற முடியாது. ஆனால் 2022ல் தொடங்கி அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த காலை உணவுத் திட்டம், பிள்ளையை நேரத்துக்கு வகுப்பில் உட்கார வைக்கிறது. வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத் தருவது பள்ளியின் வேலை. அந்த வேலைக்கும் வறுமையைச் சாக்காகச் சொன்னால், ஏழைப் பிள்ளைக்கு இரண்டு முறை அநியாயம் செய்ததாகும்.

இலக்கு வைத்தால் பொய்க்கணக்கு வரும் என்ற பயத்துக்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா மாநகரப் பள்ளிகளில் தேர்வு மதிப்பெண்ணே எல்லாம் என்று நெருக்கியதன் முடிவாக, 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் மோசடியில் சம்பந்தப்பட்டதாக 2011ல் மாநில விசாரணை கூறியது. இதிலிருந்து பெற வேண்டிய பாடம், அளக்கக் கூடாது என்பதல்ல. அளவைத் தண்டனையோடு முடிச்சுப் போடக் கூடாது என்பது. மாறாக, லண்டனில் 2003ல் தொடங்கிய பள்ளி மேம்பாட்டு முயற்சி, பின்தங்கிய பள்ளிக்குச் சிறந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களைத் துணைக்கு அனுப்பியது. மாநகரத்தில் பள்ளிகள் பக்கம் பக்கமாக இருப்பதால் அது எளிது. கடற்கரையில் ஊருக்கு ஊர் தூரம் அதிகம். ஆகவே இங்கே அருகருகே உள்ள சில பள்ளிகளை இணைக்கும் குறுவள மையத்தையே ஓர் அலகாகக் கொண்டு, சுற்றியுள்ள பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு மாற்று ஆசிரியரை நிரந்தரமாக வைக்க வேண்டும்.

சரிபார்ப்பவர் யார்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு என்கிறது சட்டம். பருவத்துக்கு ஒரு முறை, குழந்தைகளின் பெயர் சொல்லி யாரையும் கூச வைக்காமல், மூன்றாம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தானே வாசிக்க வருகிறது, எத்தனை பேருக்கு இன்னும் உதவி தேவை என்ற இரண்டே எண்களை அந்தக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். எண் குறைந்த பள்ளிக்கு முதலில் போக வேண்டியது விளக்கம் கேட்கும் கடிதம் அல்ல, கூடுதல் ஆசிரியர். இப்படி நடந்தால், பிளஸ் டூ பட்டியலில் மாவட்டம் எத்தனையாவது இடம் என்று யாரும் கேட்க வேண்டியிராது. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்த இடத்துக்குத் தாமாகவே போய்ச் சேர்வார்கள்.