தொண்டை உடையும் இடம்

கொடும்பாளூர் மூவர்கோவில் வேலிக்கு வெளியே ஒரு பையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். பதினாலு வயசிருக்கலாம். வெள்ளாடு ஒன்று கருவேலம் புதருக்குள் நுழையப் பார்த்ததும் அதட்டிக் கூப்பிட்டான். குரல் கட்டையாகத்தான் புறப்பட்டது. பாதி வழியில் கிறீச்சென்று மேலே எகிறி, மறுபடி கீழே விழுந்தது. ஆடு திரும்பிப் பார்த்தது. நான் நிற்பதைக் கண்ட பையன் வெட்கப்பட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

மகரக்கட்டு என்பார்கள் பெரியவர்கள். இந்த வயதில் ஆண்பிள்ளையின் குரல்வளை வேகமாக வளர்கிறது. கழுத்தில் முன்னால் புடைத்துத் தெரிவது அதன் குருத்தெலும்பு. உள்ளே இருக்கும் இரண்டு சதை மடிப்புகள், அதாவது குரல்நாண்கள், நீண்டு தடிக்கின்றன. தந்தி நீண்டு கனத்தால் சுருதி இறங்குவது வீணைக்குச் சரி, தொண்டைக்கும் சரி. பேச்சுக்குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே போய்விடும்.

கீழே இறங்கினால் இறங்கிவிட்டுப் போகட்டும், நடுவில் கிறீச்சிடுவது ஏன்? குரல்நாண் இரண்டு விதமாக அதிரக்கூடியது. நாணுக்குள்ளேயே இருக்கும் தசை இறுகினால் நாண் தடித்து, முழு உடம்பும் அதிரும். நாம் சாதாரணமாகப் பேசும் கட்டைக் குரல் அதுதான். அந்தத் தசை தளர்ந்து, வெளியே இருக்கும் இன்னொரு தசை குருத்தெலும்பைச் சாய்த்து இழுத்தால் நாண் மெலிந்து நீளும். அப்போது விளிம்பு மட்டும் துடிக்கும். பாட்டுக்காரர்கள் கள்ளத்தொண்டை என்பது இதை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாகப் போகலாம்தான், ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும். பழகாத தொண்டை தாவிவிடும். ஏறும்போது தாவுகிற சுருதியும் இறங்கும்போது விழுகிற சுருதியும் ஒன்றாக இருப்பதில்லை என்பது இதில் இன்னொரு வேடிக்கை. புதுத் தொண்டை கிடைத்த பையனுக்கு எந்தத் தசையை எவ்வளவு இழுப்பது என்று இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

இந்த உடைசலால் பிழைப்பே ஆட்டம் கண்டவர் இதே ஜில்லாக்காரர். புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பாடி நடித்துப் பெயர் வாங்கிய சிறுவன். மகரக்கட்டு வந்தது, ஊர் திரும்பினார். தேகப்பயிற்சியும் சிலம்பமும் பாட்டும் கற்றுக்கொண்டு மறுபடி எழுந்து, 1940-ல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்டார். அவர் காலத்துப் பாடகர்களுக்கெல்லாம் உடைசல் என்பது சாதகம் பண்ணிப் பூசி மறைக்க வேண்டிய விரிசல். நம் சங்கீதத்தின் உயிரான கமகம் செய்வதும் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள பள்ளத்தை வழுக்கிக்கொண்டே கடப்பதுதான்.

அந்த விரிசலையே காசாக்கியவர்களும் உண்டு. ஆல்ப்ஸ் மலை இடையர்கள் பள்ளத்தாக்கைத் தாண்டி ஆளையும் மாட்டையும் கூப்பிட, கட்டைக் குரலுக்கும் கள்ளக் குரலுக்கும் இடையே வேண்டுமென்றே தாவினார்கள். யோட்லிங் என்று அதற்குப் பெயர். நம் நடவு வயல் குலவையை இதற்கு உறவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உறவில்லை. குலவையில் குரல் ஒரே உச்சத்தில் நிற்கும், அசைவது நாக்கு. யோட்லிங்கில் உடைவது தொண்டை.

1927 ஆகஸ்டில், அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில், காசநோய் பிடித்த முன்னாள் ரயில்வே பிரேக்மேன் ஜிம்மி ராட்ஜர்ஸ் முதல்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார், யோட்லிங்கோடு. அதே மாதம் தூத்துக்குடியில், சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய பத்திரிகைக்காரர் ரோட்ரிக்ஸ் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ் சந்திரபாபு. ஜாதகக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ. குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்ததால் பையன் கொழும்பில் படித்தான். 1940-களில் சென்னைக்கு வந்து, 1947-ல் ‘தன அமராவதி’ படத்தில் முகம் காட்டினார்.

ராட்ஜர்ஸ் 1933-லேயே போய்ச் சேர்ந்தார், 35 வயதில். அவர் தொண்டை மட்டும் இசைத்தட்டுகளில் ஊர் சுற்றியது. 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லி முதல் வணிக இசைத்தட்டுக்குப் பாடியபோது பிறந்ததைத்தான் ராக்கபில்லி என்கிறோம். அந்தப் பாணிக்காரர்கள் ஒரு எழுத்தை உச்சரிக்கும்போதே விக்கலெடுத்ததுபோல் குரலை மேலே சுண்டி இறக்குவார்கள். அது நொடியில் முடிந்துவிடும் குட்டி யோட்லிங்.

அதே 1954-ல் ஏவி.எம்.மின் ‘பெண்’ படம் வந்தது. அதில் எஸ். பாலசந்தர் வாயசைக்கும் கல்யாணப் பாட்டுக்குக் குரல் சந்திரபாபு. யோட்லிங் போட்டுப் பாடினார். பிற்காலத்தில் வீணைக்கே பெயராகி, கமகத்தில் கரை கண்ட பாலசந்தரின் வாயிலிருந்து, கமகம் மூடுகிற பள்ளத்தை அப்பட்டமாகத் திறந்து காட்டும் குரல்! இந்தியில் இதே கதை ‘லட்கி’யாக 1953-ல் வந்தபோது அதில் நடித்தவர் கிஷோர் குமார். அவரும் யோட்லிங்குக்குப் பெயர் போனவர்தான். எல்விஸைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று இவர்களை யாரும் சொல்ல முடியாது. எல்விஸ் அப்போதுதான் வாசலில் நிற்கிறார்.

சந்திரபாபுவைக் கேட்கும்போது ஒன்று கவனியுங்கள். உடைகிற இடத்தில் அவர் சத்தத்தைக் கூட்டுவதில்லை. சறுக்குவதும் இல்லை. மாடிப்படியில் ரெண்டு படி தாண்டிக் குதிக்கிற மாதிரி சுத்தமாகத் தாவி, சுருதியில் வந்து நிற்கிறார். விடலைப் பையனிடம் விபத்தாக நடப்பது இங்கே வித்தையாக நடக்கிறது. தசை இரண்டும் அதேதான். நடிகராகவும் பாடகராகவும் உச்சம் தொட்டவர், ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை 1966-ல் இயக்கினார். கடைசி ஆண்டுகள் நன்றாக இல்லை. 1974 மார்ச்சில் இறந்தபோது வயது 46.

ராக்கபில்லியும் 60-களில் அடங்கி, 70-களின் கடைசியில் ஸ்ட்ரே கேட்ஸ் போன்ற குழுக்களால் மறுபடி உயிர் பெற்றது. அவர்கள் உடையையும் தலைமுடியையும் மட்டும் மீட்கவில்லை, சன் ஸ்டூடியோவின் எதிரொலியையும் மீட்டார்கள். நம் ஊர் மெல்லிசைக் கச்சேரிகளில் சந்திரபாபு பாட்டுக்கென்றே ஒருவர் இருப்பார். தொப்பியும் இடுப்பு வெட்டும் அச்சாக இருக்கும். யோட்லிங் வருகிற இடத்தில் மட்டும் பலர் விசிலடித்துச் சமாளித்துவிடுவார்கள்.

அந்த சன் ஸ்டூடியோ எதிரொலிக்கு இரண்டு டேப் ரெக்கார்டர் போதுமாக இருந்தது. பாட்டை ஒன்றில் பதிந்துகொண்டே, இன்னொன்றின் வழியாகச் சற்றுத் தாமதித்து அதன் மேலேயே கலப்பார் ஸ்டூடியோக்காரர் சாம் பிலிப்ஸ். தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. டேப் இல்லாமல், சுவரில் மோதி 0.12 நொடியில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் அந்தச் சுவர் 20 மீட்டர், கொஞ்சம் கூட, தள்ளி இருக்க வேண்டும். இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர்கோவிலின் மூன்றில் மிஞ்சிய இரண்டு விமானங்களும் இதற்கு உதவா. மாடமும் சிற்பமுமாக இருப்பதால் ஒலியைச் சிதறடித்துவிடும். வழவழப்பான பாறை முகம்தான் சரி.

அந்தப் பக்கம் பாறைக்குக் குறைவில்லை. குடுமியான்மலையில் ஒரு பாறையில் சுரங்களையே வெட்டி வைத்திருக்கிறார்கள், ஏழு எட்டாம் நூற்றாண்டு எழுத்தில். எந்தச் சுரம் என்று அது சொல்லும். தடித்த நாணில் பாடியதா மெலிந்த நாணில் பாடியதா என்பதை உளியால் எப்படி வெட்டுவது?

நான் கிளம்பும்போது வெள்ளாடு மறுபடி புதருக்குள் தலையை விட்டிருந்தது. பையன் என் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு கூப்பிடாமல், குச்சியை எடுத்துக்கொண்டு நடந்தே போனான்.