இரண்டு கடலுக்கும் ஒரே ஓடை

மரத்தில் ஆணியடித்த பலகையில் இரண்டு எண்கள்: அட்லாண்டிக் 3,488 மைல், பசிபிக் 1,353 மைல். அடியில் ஓடுவதோ இறங்கி நடந்தே தாண்டிவிடக்கூடிய சின்ன ஓடை. அது அங்கேயே இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு கடலைப் பார்த்துக் கிளம்புகிறது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் வனாந்தரத்தில் இருக்கிறது இந்த இடம். நீர் இரு பக்கமாகப் பிரியும் நீர்ப்பிரிமேடு என்றதும் கத்திமுனை போன்ற மலைமுகடுதான் நினைவுக்கு வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. சுமார் 8,100 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஈரப் புல்வெளியாகக் கிடக்கிறது டூ ஓஷன் கணவாய். பீடபூமியிலிருந்து வேகமாக இறங்கிவரும் ஓடைக்கு, இந்தச் சமதரையில் எந்தப் பக்கம் சாய்வதென்றே தெரிவதில்லை. ஒரு கிளை யெல்லோஸ்டோன், மிசூரி, மிசிசிப்பி வழியாக அட்லாண்டிக்கின் மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. மற்றது ஸ்நேக், கொலம்பியா ஆறுகளைப் பிடித்துப் பசிபிக்கை அடைகிறது.

ஜிம் பிரிட்ஜர் என்ற மலைக்காட்டு வேட்டைக்காரர் இதைச் சொல்லித் திரிந்தபோது பலர் நம்பவில்லை. மனிதர் கதை அளப்பதில் பேர்போனவர். நம்பாதவர்களைக் குறை சொல்ல முடியாது. 1873இல் கேப்டன் ஜோன்ஸின் ஆய்வுக்குழு வந்து பார்த்த பிறகுதான் பிரிட்ஜரின் பேச்சு எடுபட்டது.

மீன்களுக்கோ இது வெகுகாலம் முன்பே தெரிந்த வழி. யெல்லோஸ்டோன் ஏரியில் கட்த்ரோட் ட்ரவுட் மீன் நிறைய உண்டு. ஆனால் ஏரிக்குக் கீழே ஆற்றில் 308 அடி அருவி நிற்கிறது. எந்த மீனும் அதில் ஏற முடியாது. பிறகு எப்படி வந்தது? பசிபிக் பக்கத்து ஓடையில் நீந்தி ஏறி, கணவாயைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. 1891இல் மீனியலாளர் பார்டன் எவர்மன் நேரில் வந்து, மீன் தாராளமாகக் கடக்கக்கூடிய இடம் இது என்று உறுதி செய்தார். ஒரு மலைத்தொடரை மீன் கடந்த கதை இது.

1964இன் வனாந்தரச் சட்டப்படி இங்கே சாலை போடக்கூடாது, மோட்டார் வண்டி வரக்கூடாது. கால்நடையாகவோ குதிரையிலோதான் போக வேண்டும். பாதையில் மரம் விழுந்தால் அதை அறுப்பதும் கையால் இழுக்கும் ரம்பத்தால்தான்.

விழுந்த மரங்களுக்கோ பஞ்சமில்லை. 1987 ஜூலை 21 அன்று ஒரு சுழல்காற்று கிட்டத்தட்ட 24 மைல் தூரம் காட்டை வாரிச் சாய்த்து, நீர்ப்பிரிமேட்டையே தாண்டிப் போனது. சாய்ந்த மரங்கள் சுமார் 10 லட்சம். அவை விழுந்து கிடந்த கோலத்தை வைத்தே சுழல்காற்று ஆய்வாளர் ஃபுஜிடா அதற்குத் தம் அளவுகோலில் எஃப்4 என்று தரம் போட்டார். மறு ஆண்டு கோடையில் வனாந்தரத்துக்குள் காட்டுத்தீ வந்தது.